புது டெஸ்க்டாப் திடீர் திடீரென்று நின்றுபோகிறதா? அக்காவின் டிப்ஸ்

ஆசைப்பட்டு, காசு சேர்த்து வாங்கிய புது டெஸ்க்டாப். இரண்டு நாள் அருமையாக ஓடுகிறது. மூன்றாம் நாள் அசைன்மென்ட் டைப் செய்யும்போது பட்டென்று அணைகிறது. மறுபடி ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே சமர்த்தாக நடந்துகொள்கிறது. "நல்லாத்தானே ஓடுது, நீங்கதான் ஏதாவது பண்ணியிருப்பீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

விட்டு விட்டு வரும் காய்ச்சல் மாதிரிதான் இது. டாக்டர் தொட்டுப் பார்க்கும் நேரத்தில் உடம்பு சுடாது. எந்த மணிக்கு எவ்வளவு இருந்தது என்று குறித்து வைத்த சீட்டுதான் அவருக்கு உதவும். ஆகவே தங்கச்சி, தம்பி, இரண்டே விதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை நின்றபோதும் குறித்து வை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய். ரேமையும் மாற்றி, டிரைவரையும் மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. பிரச்சினை திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இன்னொன்று. கம்ப்யூட்டர் புதிது என்பது உனக்குச் சாதகம். வாரன்டி இருக்கிறது, கடைக்காரருக்கும் உன் முகம் நினைவில் இருக்கும். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று மட்டும் விட்டுவிடாதே. ஹார்ட்வேர் கோளாறு தானாகச் சரியாவதில்லை.

1. எல்லாவற்றுக்கும் முன் பேக்கப்

ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போது மிஷின் நின்றால் அந்த ஃபைல் கெட்டுப்போகலாம். கோளாறு எஸ்.எஸ்.டி.யிலேயே இருந்தால் எல்லாமே போகலாம். அதனால் புராஜெக்ட், போட்டோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கிலோ பென்டிரைவிலோ இன்றைக்கே எடுத்து வை. சி டிரைவிலிருந்து அதே டிஸ்கின் டி டிரைவுக்கு மாற்றுவது பேக்கப் ஆகாது.

2. எப்படி நின்றது என்று பார்

"கம்ப்யூட்டர் ஹேங் ஆகுது" என்று மொத்தமாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. நிற்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

• எழுத்துகளோடு நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸ் தவறைப் பார்த்துவிட்டுத் தானே நிறுத்தியிருக்கிறது. டிரைவர், ரேம், பிராசஸர், எஸ்.எஸ்.டி. எதுவாகவும் இருக்கலாம். விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகளில் இந்தத் திரை கறுப்பாகவே வருகிறது; எழுத்துகளைக் கவனி.

• எந்த அறிவிப்பும் இல்லாமல், பிளக்கைப் பிடுங்கினாற்போல் அணைந்தால் முதலில் கரன்ட், பவர் சப்ளை, சூடு ஆகியவற்றைப் பார்.

• படம் அப்படியே உறைந்து மவுஸும் நகராமல் நின்றால் ரேம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் சந்தேகப்படு.

• திரை மட்டும் கறுத்துப்போய்ப் பாட்டு தொடர்ந்து ஓடினால் கிராபிக்ஸ் கார்டு, அதன் டிரைவர், மானிட்டர் கேபிள் பக்கம் போ.

• ஒரே ஒரு சாஃப்ட்வேர் மட்டும் மூடிக்கொண்டு மற்றவை ஓடினால், பெரும்பாலும் அந்த சாஃப்ட்வேரிடம்தான் கோளாறு. (இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, 7ஆம் பகுதியில் சொல்கிறேன்.)

ஒரு நோட்டில் தேதி, மணி, என்ன செய்துகொண்டிருந்தாய், எந்த விதமாக நின்றது, வீட்டில் அப்போது வேறு என்ன ஓடியது என்று எழுது. நாலைந்து வரி சேர்ந்ததும் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். தண்ணீர் மோட்டார் போடும்போதெல்லாம் அணைகிறதா, மத்தியான வெயிலில் மட்டுமா, கேம் தொடங்கும்போதா, சும்மா இருக்கும்போதா என்பதெல்லாம் எழுதி வைத்தால்தான் கண்ணில் படும்.

3. விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பைப் படி

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" வரும். நாள்வாரியாக எது எப்போது நின்றது என்று சிவப்புக் குறி போட்டுக் காட்டும். அதே நாளில் என்ன அப்டேட், என்ன சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆனது என்பதும் கீழேயே இருக்கும். உன் நோட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்.

இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே "கர்னல் பவர் 41" என்று இருந்தால் பலரும் உடனே பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. கம்ப்யூட்டர் முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதை மட்டும்தான் அந்த வரி சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. "வீயா லாகர்" என்ற பெயரில் வரிகள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது ஹார்ட்வேர் தன் பிழையைத் தானே தெரிவிக்கும் இடம்.

நீலத்திரை படிப்பதற்குள் மறைந்துவிடுகிறதா? அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் "ஸ்டார்ட்அப் அண்டு ரெகவரி" பகுதிக்குப் போய் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட் டிக்கை எடுத்துவிடு. அடுத்த முறை திரை நிற்கும்; அதில் தெரியும் பிழைப் பெயரை, அதாவது ஸ்டாப் கோடை, போனில் படம் எடுத்துக்கொள்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு ஃபைல் அதில் சேரும். புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். எல்லா ஃபைலும் ஒரே டிரைவரைக் காட்டினால் அந்த டிரைவரைக் கவனி. ஒவ்வொன்றும் வேறு வேறு பெயரைக் காட்டினால், ஸ்டாப் கோடும் மாறி மாறி வந்தால், ரேமைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ரேமில் ஒரு பிட் தப்பாகிவிட்டால், அந்த இடத்தில் அப்போது எது இருந்ததோ அது பலியாகும். அதனால்தான் பெயர் மாறுகிறது.

4. கேபினெட்டைத் திறக்கும் முன் சுவர் பிளக்கைப் பார்

நம் ஊரில் இந்த இடத்தில் தொடங்குவது நல்லது. ஆடும் பிளக், பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதே பாக்ஸில் அயர்ன் பாக்ஸ் என்று எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். கம்ப்யூட்டரை நேராகச் சுவர் சாக்கெட்டில், தனியாகச் செருகு.

அடுத்தது யூ.பி.எஸ். கடையில் 600 வி.ஏ. என்று சொல்வார்கள். அதை 600 வாட் என்று நினைத்துவிடாதே. அந்த வகையில் பல மாடல்கள் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் கேம் ஓடும்போது அந்த அளவைத் தாண்டிப் போகலாம். உடனே யூ.பி.எஸ். கைவிட்டுவிடும், கம்ப்யூட்டர் அணையும். சோதிக்க வழி எளிது: இடி மின்னல் இல்லாத நாட்களில் யூ.பி.எஸ்ஸைத் தவிர்த்து நேராக இணைத்து ஓட்டிப் பார்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்றால், கரன்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்த ஒரு கணத்தைப் பார். மாற எடுக்கும் நேரம் கொஞ்சம் நீண்டாலும் ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பல இன்வெர்ட்டர்களில் யூ.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதில் வைத்தால் மாற்றம் வேகமாக நடக்கும்.

கேபினெட்டைத் தொட்டால் விறுவிறுவென்று இருக்கிறதா? எர்த்திங் சரியில்லை. இது கம்ப்யூட்டருக்கு மட்டுமில்லை, உனக்கும் ஆபத்து. மற்ற வேலையை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

5. சூடு

எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி. எல்லாவற்றின் சூட்டையும் காட்டும். இன்றைய பிராசஸர்கள் சூடு கூடினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால்தான் அணையும். ஏ.எம்.டி. ரைசன் 7000 வகையில் பலவற்றுக்கு 95 டிகிரி, இன்டெல்லின் பல டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு 100 டிகிரி என்பது எல்லை. கடினமான வேலையின்போது 80, 85 என்று காட்டினால் பதறாதே. வேலை தொடங்கிய சில நொடிகளிலேயே எல்லையைத் தொட்டால்தான் கூலரில் கோளாறு. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பேப்பரை உரிக்காமலே பொருத்தியிருக்கலாம். நான்கு ஸ்குரூவும் சமமாக இறுகாமல் இருக்கலாம். ஃபேன் ஒயர் செருகப்படாமல் இருக்கலாம். அசெம்பிள் செய்த புது மிஷினில் இவை மூன்றுமே நடக்கக்கூடியவை.

கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் கேபினெட்டைத் தள்ளி வைக்காதே. சித்திரை வெயிலில் அறையே கொதிக்கும்போது, விட்ட சூட்டுக்காற்றையே அது திரும்ப இழுக்கும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் காற்று போக இடம் விடு.

6. ரேம்: அதிகப் பொறுமை தேவைப்படும் இடம்

புது டெஸ்க்டாப்பில் விட்டு விட்டு வரும் கோளாறுகளில் ரேமுக்குப் பெரிய பங்கு உண்டு. ரேம் கெட்டதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதை ஓட்டும் வேகம் பொருந்தாமல் இருந்தாலும் போதும்.

பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருக்கும் டி.டி.ஆர். 5 ரேமை அப்படியே செருகினால், பெரும்பாலும் 4800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடும். 6000 வேண்டுமென்றால் மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும். கடையில் அதை ஆன் செய்தே கொடுத்திருக்கலாம். உன் பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும் அந்த வேகம் ஒத்துவராவிட்டால் எப்போதாவது ஒரு பிழை, எப்போதாவது ஒரு நீலத்திரை.

முதல் வேலையாக எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை ஆஃப் செய்துவிட்டு, வழக்கம் போல வேலை செய். வழக்கமாக நிற்கும் இடைவெளியைப் போல இரண்டு மூன்று மடங்கு நாட்கள் ஓடியும் நிற்கவில்லை என்றால் சந்தேகம் உறுதியாகிவிடும். பிறகு பயாஸை அப்டேட் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்து பார். அப்போதும் ஒத்துவராவிட்டால் ஒரு படி குறைந்த வேகத்தில் வை. தினசரி வேலையில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிற்காமல் ஓடுவதுதான் முக்கியம்.

அடிப்படை வேகத்திலும் நிற்கிறது என்றால் மெம்டெஸ்ட்86. இதைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமல் அதிலிருந்தே பூட் செய்ய வேண்டும். இரவில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கு, காலையில் பார். எண்ணிக்கையில் சமரசம் வேண்டாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். திரையைப் படம் எடுத்து வை. அதன்பின் ஒரு நேரத்தில் ஒரு ரேமை மட்டும் போட்டுச் சோதித்தால் எது கெட்டது என்று பிடித்துவிடலாம். ஒரே ரேம் ஒரு ஸ்லாட்டில் சரியாகவும் இன்னொன்றில் தப்பாகவும் வந்தால் மதர்போர்டைச் சந்தேகப்படு.

இரண்டு ரேம் இருந்தால் எந்த ஸ்லாட் என்பதும் முக்கியம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான். உன் போர்டின் மேனுவலில் படத்தோடு இருக்கும். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் குறையும் என்பதையும் தெரிந்துகொள்: ரைசன் 7000 பிராசஸர்களில் நான்கு டி.டி.ஆர். 5 ரேம் போட்டால் ஏ.எம்.டி. அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 3600தான். அதே நான்கை 6000இல் ஓட்டச் சொன்னால் மிஷின் திணறத்தான் செய்யும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. டி.டி.ஆர். 5 மிஷினில் ரேமை மாற்றியபின் முதல் தடவை ஆன் செய்தால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமோடு மதர்போர்டு பழகும் நேரம் அது. பயந்து ஆஃப் செய்துவிடாதே.

7. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்களுக்கு

பிராசஸர் கெடுவது அபூர்வம் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். அதற்குப் பெரிய விதிவிலக்கு 2024இல் வெளிவந்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், முக்கியமாக ஐ7, ஐ9 வகைகளில், தேவைக்கு அதிகமான வோல்ட்டேஜ் போய் நாளடைவில் சில்லு பலவீனப்படுவதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் திருத்தங்களை வெளியிட்டது; பெட்டியோடு விற்ற பிராசஸர்களின் வாரன்டியை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டித்தது.

நான் சொன்ன விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. இந்தப் பிராசஸர்களில் சில கேம்கள் தொடங்கும்போதே "வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழை காட்டி மூடிக்கொண்டன. பலர் கிராபிக்ஸ் கார்டைக் குறை சொன்னார்கள். கோளாறு இருந்தது பிராசஸரில். பிழைச் செய்தி சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் உன் பிராசஸரின் பெயர் இருக்கும். இந்த வகை என்றால் மதர்போர்டின் பயாஸை உடனே கடைசிப் பதிப்புக்கு அப்டேட் செய். அந்தத் திருத்தம் இனிமேல் கெடாமல் காக்கும்; ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. அப்டேட்டுக்குப் பிறகும் நின்றால் வாரன்டியில் மாற்றிக் கேள்.

பயாஸ் அப்டேட் செய்யும்போது மதர்போர்டின் முழு மாடல் பெயரும் ரிவிஷன் எண்ணும் பொருந்துகிறதா என்று பார். தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடு. நல்ல யூ.பி.எஸ்ஸில் இணைத்துக்கொள். பாதியில் கரன்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம்.

8. டிரைவர், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி.

கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகித்தால், பழையதை டி.டி.யூ. என்ற கருவியால் சேஃப் மோடில் முழுதாக நீக்கிவிட்டு, என்விடியா அல்லது ஏ.எம்.டி. தளத்திலிருந்து புதிதாகப் போடு. "டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம்" என்று வரும் இலவச மென்பொருள்களை அண்டவிடாதே.

கார்டுக்கு இரண்டு 8 பின் பவர் இணைப்பு இருந்தால், ஒரே கேபிளின் இரண்டு தலையைச் செருகாமல் தனித்தனிக் கேபிளாகப் போடச் சொல். புது கார்டுகளின் 16 பின் இணைப்பு கடைசி வரை உள்ளே போயிருக்க வேண்டும். பாதி செருகியிருந்தால் நிற்பதோடு போகாது, சூடேறி உருகவும் கூடும்.

எஸ்.எஸ்.டி.யின் நலத்தை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ காட்டும். உறைந்து நின்றபின் ரீஸ்டார்ட் செய்தால் "பூட் டிவைஸ் இல்லை" என்று வருகிறதென்றால், எஸ்.எஸ்.டி.யையோ அது செருகிய இடத்தையோதான் பார்க்க வேண்டும்.

விண்டோஸா, ஹார்ட்வேரா என்று பிரித்தறிய எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. உபுண்டு போன்ற ஒரு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து ஒரு நாள் முழுக்க வேலை பார். அங்கேயும் நின்றால் விண்டோஸைக் குறை சொல்ல வேண்டாம், கோளாறு ஹார்ட்வேரில். ஃபார்மட் அடிக்கும் வேலை மிச்சம். ஃபார்மட் என்பது கடைசி வழி. பலர் அதையே முதல் வழியாகச் செய்து, இருந்த குறிப்புகளையும் அழித்துவிடுகிறார்கள்.

கேபினெட்டைத் திறப்பதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே கை வை. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதே. வாரன்டி ஸ்டிக்கர் ஒட்டிய மிஷின் என்றால் திறக்கும் முன் கேட்டுக்கொள்.

9. கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது

வெறுங்கையோடு போகாதே. நோட்டு, ஸ்டாப் கோடு படங்கள், மெம்டெஸ்ட் படம் மூன்றையும் எடுத்துப் போ. "ஆன் ஆகுது பாருங்க" என்று காட்டினால் ஒத்துக்கொள்ளாதே. எந்த வேலையின்போது நிற்கிறதோ அதையே ஒரு இரவு ஓட்டிப் பார்க்கச் சொல். தங்கச்சி, உனக்குத் தனியாக ஒன்று: "பொண்ணுக்கு இதெல்லாம் புரியாதும்மா, அண்ணனைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லும் கடைகள் இன்னும் இருக்கின்றன. தேதியோடும் மணியோடும் நீ எழுதிய நோட்டை மேஜையில் வைத்துப் பேசு. பேச்சு மாறும்.

அசெம்பிள் செய்த மிஷினில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரன்டி, தனி சர்வீஸ் சென்டர். பில்லில் ஜி.எஸ்.டி.யோடு ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கிறதா என்று பார். பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதே. பேசியதை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதியும் அனுப்பு.

திரும்பத் திரும்ப அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலும் தரலாம்.

நிற்கும் கம்ப்யூட்டரோடு அனுசரித்துப் போகப் பழகிக்கொள்ளாதீர்கள். காசு கொடுத்து வாங்கியது. நிற்காமல் ஓட வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. இன்று இரவே பேக்கப் எடுங்கள், ஒரு நோட்டைத் திறந்து முதல் வரியை எழுதுங்கள். வாரன்டி முடிவதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துக் கடைக்காரர் முன்னால் வையுங்கள்.